கேள்வி வேடம் போட்ட தீர்ப்பு

மருத்துவமனையின் பின்பக்கத்தில், மருந்துக்கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலிக்கும் ஒரு காதுக்கும்தான் அதில் இடம் என்று அங்கே வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் மனநல ஆலோசகர். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’.

அக்காவின் அம்மா பல வருடமாகப் படுத்த படுக்கை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரிவிட்டுத்தான் அக்கா வேலைக்குக் கிளம்புவார். பெற்றவர்களை வேறெங்கோ கொண்டுபோய் விடுவது பாவம் என்பது அவர் நம்பிக்கை. அதைப் பற்றி அவர் யோசித்ததுகூட இல்லை. மூச்சு விடுவதை யார் யோசிக்கிறார்கள்?

ஒருநாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. கேஸைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார், ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டுகிறார். மனைவியும் வேலைக்குப் போகிறவர். தூக்கமில்லாமல் வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது. முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டு ஓட்டுநர் தரையைப் பார்த்தார்.

அக்கா மென்மையாகத்தான் கேட்டார். “அங்க போனா உங்களைத் தேட மாட்டாரா?”

ஓட்டுநரின் முகம் பூட்டிக்கொண்டது. “தேடுவாரு மேடம். நானே பாத்துக்கறேன்” என்று எழுந்து போய்விட்டார்.

மதியமும் அக்காவுக்கு அந்தப் பூட்டிய முகமே கண்ணில் நின்றது. ஆலோசகர்கள் தங்கள் வேலையை இன்னொரு ஆலோசகரிடம் பேசிச் சரிபார்த்துக்கொள்வது வழக்கம். அக்காவுக்கு அப்படி ஒரு தோழி இருந்தார். ஆள் யாரென்று சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னார். தோழி விடுவாரா?

“தீர்ப்ப சொல்லிட்டு அதுக்குக் கேள்வி வேஷம் போட்டிருக்கே, தாயே. உங்கம்மாவ நீ பாத்துக்கற, சரி. அதுக்காக ஊரே உன்ன மாதிரி இருக்கணுமா?”

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே, தோழி சொன்னது உண்மை என்றும் புரிந்துவிட்டது. அன்றே ஓட்டுநருக்குப் போன் செய்து, இன்னும் ஒரு தடவை வரச் சொன்னார்.

வந்தவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப்போகிறவர் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“போன தடவை நான் கேட்டது கேள்வியே இல்லீங்க, என் சொந்த அபிப்பிராயம். அத உங்க தலையில கட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க. விட்ட இடத்துலேருந்து சொல்லுங்க.”

ஓட்டுநர் மறுபடி தரையைப் பார்த்தார். பிறகு, முந்தைய நாள் அப்பாவைக் கைநீட்டி அடித்துவிட்டதாகச் சொன்னார். அப்பா அழவில்லையாம். “சார், நான் எங்க இறங்கணும்?” என்று மகனிடமே கேட்டாராம்.

அக்காவுக்குள் அந்த நம்பிக்கை மறுபடி எழுந்து நின்றது. அதை உட்காரவைத்தார். இன்று அப்பாவுடன் யார் இருப்பார்கள், கை ஓங்க வந்தால் யாரைக் கூப்பிடலாம், இல்லம் என்றால் எதற்குப் பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் பேசி முடித்தபின் ஓட்டுநர் கேட்டார்.

“நீங்களா இருந்தா விடுவீங்களா மேடம்?”

“என் வீடு வேற, உங்க வீடு வேற. என் பதில வாங்கிட்டுப் போனா, நாளைக்கு உங்களுக்குத் தூக்கம் வருமா?”

ஓட்டுநர் முதல்முறையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். யோசித்துத் தானே முடிவெடுத்தார். பல இல்லங்களை ஏறி இறங்கிப் பார்த்து, தன் பேருந்து போகும் வழியிலேயே ஒன்றில் அப்பாவைச் சேர்த்தார்.

சில வாரம் கழித்து வந்து சொன்னார்: “டியூட்டி முடிஞ்சு தினமும் போறேன். நான் யாருன்னு அப்பாவுக்குத் தெரியல. ஆனா பக்கத்துல இடம் போட்டு வெக்கறாரு.”

அக்காவின் நம்பிக்கை இன்றைக்கும் மாறவில்லை. ஆனால் ஓட்டுநர் சொன்னதைக் கேட்டபோது அவருக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு துளி கலப்படம்கூட இல்லை.