சேறு இல்லாத குளம்

அவளை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு தியான மண்டபத்தின் பின்வாசலில். எழுத்தர் வேலைக்கு நேர்காணல் என்று பட்டச் சான்றிதழோடு காத்திருந்த காலை அது. இடுப்புவரை சேறு காய்ந்த ஒரு பெண், கைநிறையத் தாமரையோடு படிக்குக் கீழே நின்றிருந்தாள். பூவை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அவளைப் படியேற விடவில்லை. உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு குரல், சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத தாமரைபோல வாழச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியும்?

தெருவில் அவளுக்கு முள்ளுக்காரி என்று பெயர். தாமரைத் தண்டில் பொடிமுள் உண்டு என்பது மண்டபச் சுவரில் தாமரை வரைந்தவனுக்குத் தெரியாது; அவள் முழங்கைகளுக்குத் தெரியும். மண்டபத்துக் குளத்தைப் பத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டவள். இதழ் விரியுமுன் இறங்கிவிடுவாள். தண்டைத் தண்ணீருக்கு மேலேதான் ஒடிப்பாள். உள்ளே குழல் குழலாக ஓட்டை; தண்ணீருக்குள் ஒடித்தால் அந்த வழியே நீர் இறங்கி அடிக்கிழங்கு அழுகிவிடும். என்னைவிட அந்தக் குளத்தைத்தான் இவள் கட்டிக்கொண்டாள் என்பான் அவள் புருஷன். அவன் உலையில் வெந்த அரிசியும் அந்தக் குளத்திலிருந்துதான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் மண்டபத்துக்குப் புது மேலாளர் வந்தார். சேற்று வாடை தியானத்தைக் கெடுக்கிறதாம். மண்டபக் குழுவில் படித்தவர்கள் ஏழு பேர் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள்: சேற்றை அள்ளிவிட்டு, அடியில் சிமெண்ட் பூசி, நீலச் சாயம் அடித்து, தூய தாமரைக் குளம் ஆக்குவது. கிழங்கு இருப்பதே அந்தச் சேற்றுக்குள்தான் என்று அவள் போய்ச் சொன்னாள்.

"சேறு ஒட்டாத பூவுக்கு எதுக்கும்மா சேறு?" என்று சிரித்தாராம் மேலாளர்.

அள்ளிய சேற்றை லாரி லாரியாகக் கொண்டுவந்து, அவள் தெருக்கோடியில் செங்கல்லுக்கு மண்ணெடுத்த பழைய பள்ளத்தில் கொட்டினார்கள். வசதியானவர்கள் தெருவில் கொட்ட யாருக்கு மனசு வரும்? அன்று சாயங்காலமே அவளும் புருஷனும் பள்ளத்தில் இறங்கித் துழாவி, நசுங்காத கிழங்குகளைத் தேடி எடுத்து அதே சேற்றில் ஊன்றினார்கள். மழை வரும்வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

நீலக் குளத்தில் மேலாளர் விலைக்கு வாங்கி வைத்த செடிகள் மூன்றே வாரத்தில் மஞ்சளடித்துச் சுருண்டன. அவளைக் கூப்பிட்டனுப்பினார். யோசனை கேட்கத்தான் என்று நம்பிப் போனாள்.

"தண்ணியில மருந்து எதாவது கலந்தியா? மறைக்காம சொல்லு."

பத்தொன்பது வருஷத்துக்கு அதுதான் மரியாதை.

"தட்டைக் கழுவறேன்னு சோத்தையும் சேத்துக் கொட்டிட்டு, புள்ள ஏன் இளைச்சுதுன்னு என்னைக் கேக்கறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் பள்ளம் முழுக்கப் பூ. மண்டபத்தில் ஒரு பெரிய கூட்டம். மேலாளரே காரில் வந்து இறங்கி, இருநூறு பூ வேண்டும் என்றார்.

"தாராளமா எடுத்துக்குங்க சார். நீங்களே இறங்கிப் பறிக்கணும். தண்ணிக்கு மேல ஒடிங்க, கிழங்கு பாவம்."

அவர் சேற்றைப் பார்த்தார், தன் பூட்சைப் பார்த்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

நீலக் குளத்தில் இப்போது பிளாஸ்டிக் தாமரை மிதக்கிறது. அவள் தினமும் காலையில் பள்ளத்தில் பூப் பறித்துக் கடைத்தெருவில் உட்கார்ந்து விற்கிறாள். மண்டபத்துக்குப் போவதில்லை.