முள் பொறுக்கிய மைதானம்

கவரைப்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, தண்டவாள ஓரத்தில் யாரோ வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேலத்தின் பச்சை வாசனை வந்தது. இன்று கம்பெனிக் கிடங்காகிவிட்ட எங்கள் காலனி மைதானத்துக்கே அது என்னைக் கொண்டுபோய்விட்டது. முன்பு அது முழுக்க முள்காடு. ஊர் மைதானத்தில் எங்களவர்களை ஆடவிடவில்லை என்பதால், அப்பாவும் அவர் கூட்டாளிகளும் தனியாக ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கி, அந்தக் காட்டை வெட்டி, வேரைத் தோண்டியெடுத்து, கோல்போஸ்ட்டுக்கு மூங்கில் நட்டார்கள். நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வரும் அம்மாவும் மற்றப் பெண்களும் வெளிச்சம் இருக்கும்வரை வரிசையாகக் குந்தி, மண்ணைக் கையால் தடவித் தடவி முள் பொறுக்குவார்கள். அவர்கள் சிரிப்பு எங்கள் வீடுவரை கேட்கும்.

முதல் போட்டிக்கு ஒரு தொழிற்சாலை அணி பூட்ஸோடு வந்தது. எங்களவர்கள் எல்லோரும் வெறுங்கால்.

"கால்ல முள்ளு ஏறாதா?" என்று அவர்களுடைய கேப்டன் கேட்டதற்கு, "ஏறாது" என்று அப்பா சிரித்தார்.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கேப்டன், இன்னும் நம்பாதவராகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மைதானத்தில் மெல்ல அடியெடுத்து வைத்தார். ஓரத்தில் நின்ற அம்மா கத்தினாள்:

"நல்லா மிதிச்சி நட நைனா! ஒத்த முள்ளு குத்துனா என்னாண்ட வந்து கேளு!"