கலைமதி சொன்ன ஷூ சைஸ்

காரியம் இல்லாமல் ஒரு மனுஷன் போன் பண்ணுவானா? கலைமதிக்கு இந்தக் கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் வந்து, நான்கு வருஷமாகக் காண்ட்ராக்டில் வயர் செக் பண்ணுகிறவள் அவள். அதே லைனில் மெஷின் பழுது பார்க்கிறவர் பிச்சையா. தென்காசிப் பக்கத்துக்காரர், ஏழு கம்பெனி மாறி வந்தவர். ஞாயிறு தவறாமல் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போடுவார். யார் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், யார் பிள்ளைக்குக் காதுகுத்து, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆயுத பூஜை வந்தால் பொரிப் பொட்டலத்தோடு பழைய கம்பெனி கேட்டில் போய் நிற்பார். செக்யூரிட்டிக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த ஆள் வேலை புரோக்கர்தான், சந்தேகமே வேண்டாம் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒருவன் அவள் தங்கையின் சர்டிபிகேட்டோடு கம்பி நீட்டியிருந்தான்.

அந்த நேரம் பார்த்து லைனையே மூடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதக் கடைசியோடு காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு. கலைமதி வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். மறுநாள் கேண்டீனில் பிச்சையா கிட்டே வந்து, "தாயி, ஒன் ஷூ சைஸ் என்ன?" என்றார்.

இதென்ன கூத்து! என் காலளவு இவனுக்கு எதற்கு? நாலு என்று வாய் வரை வந்ததை விழுங்கி, ஏழு என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பத்தாம் நாள் மறைமலை நகரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. எங்கே பணம் கேட்பார்களோ என்றுதான் போனாள். யாரும் கேட்கவில்லை. டெஸ்ட் வைத்தார்கள், தேறினாள். முதல் நாள் ஸ்டோர்ஸில் அவள் பேர் எழுதிய ஷூ டப்பா காத்திருந்தது. ஏழாம் நம்பர்.

ஷூ இல்லாமல் லைனுக்குள் விடமாட்டார்கள், லேடீஸ் ஷூ வர பத்து நாளாகும், அதனால்தான் அவள் பேரைக் கொடுத்தபோதே பிச்சையா சைஸையும் சொல்லி வைத்தார் என்றார் ஸ்டோர்ஸ்காரர் இராமச்சந்திரன். "பன்னெண்டு வருஷப் பழக்கம்மா. அந்த மனுஷன் என்னாண்ட ஒண்ணு கேட்டது இதான் மொத தபா."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஷூவில் துணியை அடைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தாள். குதிகாலில் கொப்புளம். ஞாயிற்றுக்கிழமை பிச்சையாவுக்கு அவளே போன் போட்டாள்.

"ஷூ சரியா இருக்கா தாயி?"

"என் சைஸு நாலுண்ணா. உங்கள நம்பாம ஏழுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் அதை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.