பீடத்தில் வைத்த கவர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதவேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு மன்னிக்கவேண்டும். பத்தாவதோடு நின்றவள். சபையில் வேதப்பகுதி வாசிக்கும் முறை வந்தால்கூட தலைவலி என்று சொல்லிவிடுவேன். வாயால் சொல்ல வராததைத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, தீ வைத்து, அந்தப் புகையிலேயே இருபது வருசம் நின்றார். போன மாசியில் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கடைசிப் பன்னிரண்டு நாளும் முகத்தில் மாஸ்க் மாட்டியிருந்தது. மெஷின்தான் காற்றைத் தள்ளியது. பச்சை உடுப்பில் ஒரு பெண் வந்து மாஸ்க்கின் வாரைத் தளர்த்துவாள், இறுக்குவாள். "மெஷினோட சண்ட போடாதீங்கப்பா, அது தர்றத வாங்கிக்கங்க" என்பாள். அவள் சொன்னால் அவர் கேட்டார். என் மகள் கட்டில் பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனபிறகு எனக்கு அழுகை வரவில்லை. சோறு பொங்கினேன். ஆட்டுக்குத் தழை ஒடித்தேன். துக்கம் கேட்டு யாராவது வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மகள் பன்னிரண்டாவது பாஸானதும் சுவாச சிகிச்சைப் படிப்புக்கு மனுப் போட்டாள். மூச்சு முட்டுகிறவர்களுக்கு மெஷின் வைத்துப் பார்க்கிற படிப்பு. மதுரையில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மார்க் ஷீட்டையும் டீசியையும் ஒரிஜினலாகக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று போனில் செய்தி வந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மகள் பிறந்தபோது அழவில்லை. மூச்சில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் முழங்கால் போட்டு, பிழைத்தால் இந்தப் பிள்ளையைச் சபை ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை பண்ணினார். சபைக்கே அது தெரியும். எங்கள் போதகர் கோடை லீவிலேயே இறையியல் கல்லூரியின் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மகள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, சமயத் தத்துவம்."

"சமயத் தத்துவம்னா என்னத்தா?"

"கடவுள் இருக்காரா, இருந்தா மனுசன் ஏன் கஷ்டப்படுறான்னு யோசிக்கிறதும்மா."

"அதுக்கு நாலு வருசமா?"

"நீ மட்டும் ஆட்டுக்கொட்டகையில மாசக்கணக்கா உக்காந்து அதத்தான யோசிக்கிற" என்றாள்.

நான் எதையும் யோசிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் சபையில் முதலாவதாக எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் வைத்து ஜெபித்துத்தான் எடுப்போம். முதல் பறிப்பு மிளகாய், முதல் சம்பளக் கவர், புது வண்டிச் சாவி. என்ன காரியம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே வைக்கவேண்டும். போதகர் அதை வாசித்துவிட்டு ஜெபிப்பார். நான் மகளின் சர்டிபிகேட் கவரை வைத்தேன். சீட்டு வைக்கவில்லை. வைத்தால் சத்தமாக வாசிப்பார், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பொருத்தனை என்ன ஆச்சு என்பார்கள். சத்தமில்லாமல் ஜெபம் நடந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

போதகர் கவரைத் திறந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தகப்பன் பண்ணுன பொருத்தனையத் தாய் நிறைவேத்திட்டாக. இந்தப் பிள்ளை இறையியல் படிக்கப் போகுது. செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோய்ச் சேக்குறேன்" என்று சொல்லி, கவரை வேதாகமத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்.

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பாடகர் வரிசையிலிருந்து மகள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, அப்படி இல்லை ஐயா என்று சொல்லியிருக்கவேண்டும். மடியில் கிடந்த என் கைகள் வேறு யாருடைய கைகளோ போல இருந்தன. உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏத்தா, இனிமே ஓம் மகளப் பாத்தா நாங்க எந்திரிச்சு நிக்கணுமோ?" என்றாள் ஒருத்தி. "அம்மாக்காரி வாயத் தொறந்து நாலு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. மக பிரசங்கம் பண்ணப் போகுதாம்ல" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள், "வச்சது நீதான? நீயே போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றாள்.

நாலு மணிக்குப் போதகர் வீட்டுக்குப் போனேன். போதகரம்மா காப்பி கொடுத்தார், தட்டில் முறுக்கு வைத்தார். "சொல்லுங்கம்மா" என்றார் போதகர். கவர் மேஜை மேல், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"மழ வருமான்னு தெரியல" என்றேன்.

"வரும்மா, ஜெபிப்போம்" என்றார்.

காப்பியைக் குடித்தேன். முறுக்கை முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மகள் என் கையைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நான் முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கவரோடு திரும்பி வந்தாள்.

"என்னத்தா சொன்ன?"

"எனக்கு மூச்சுப் படிப்பு கெடச்சிருக்கு, அதுக்குத்தான் போறேன், கவரு வேணும்னேன்."

"அவுக?"

"அப்பா நேந்தது ஒனக்குத் தெரியும்லன்னாக. தெரியும்னேன். பெறகு ஜெபம் பண்ணிக் குடுத்தாக."

"என்னன்னு ஜெபம் பண்ணுனாக?"

"ஒனக்காகத்தாம்மா பண்ணுனாக" என்று சொல்லிவிட்டு, ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

மறுநாள் ஐந்தரை மணி பஸ்ஸில் இருவரும் மதுரைக்குப் போனோம். பத்து மணிக்குக் கல்லூரியில் ஒரிஜினல்களை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டேன்.