ஜன்னலை மாற்றிய செலவு

கண்ணாடிக்காரரைத் தெரியாத வீடு அந்த வட்டாரத்தில் இல்லை. இருபத்தாறு வருடமாக, உடைந்த ஜன்னல் கண்ணாடியையும் மங்கிய ஜன்னல் கண்ணாடியையும் கழற்றிப் புதிதாக மாட்டுகிறவர். சமீப காலமாக அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம். கண்ணாடி மங்கிவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், அளவெடுக்கும் நாடாவைத் தொடுவதற்கு முன் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் ஜன்னல் முன்னால் நிறுத்தி, "எல்லாருக்கும் மங்கலாத்தான் தெரியுதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். மனுஷருக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்தக் கேள்வியைத் தன் வீட்டில் கேட்காமல் விட்டதால்தான் அவர் மனைவிக்குப் பாதிப் பார்வை போனது.

அவரைக் கஞ்சர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மகள் கல்யாணத்துக்கு வாரி இறைத்தவர். ஆனால் கண்ணாடி விலை அவருக்கு அத்துப்படி. தெரிந்த விலையை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்கத்தான் தெரியாது.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். வெளிச்சத்துக்காகத் தையல் மெஷினை முன்னறை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார். ஒருநாள், "ஏங்க, இந்தக் கண்ணாடி மங்கிக்கிட்டே வருது. தெருவே சரியாத் தெரியல" என்றார்.

அவர் வந்து பார்த்தார். நடுவே இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டிய ஜோடிக் கண்ணாடி அது. ஓரத்து ஒட்டு விட்டுப்போய் ஈரம் உள்ளே புகுந்து, கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கியிருந்தது. உள்ளங்கை அகலம்தான் ஐயா! அதற்குப் போய்த் தெருவே தெரியாமல் போகுமா என்று அந்த மனுஷருக்கு ஒரு நிமிஷம் தோன்றியிருக்கக் கூடாதா? தோன்றவில்லை. தொழில் தெரிந்தவருக்கு அந்த மூலையே போதுமான காரணமாக இருந்தது.

"ஒட்டு போயிருச்சும்மா. துடைச்சாப் போகாது, ஜோடியையே மாத்தணும். என்ன விலைன்னு தெரியுமா? என் பாதிச் சம்பளம் காலி! கொஞ்சம் பொறு, கிடங்குல அளவு தப்பினது எதாவது வரும்."

யாராவது தப்பாக அளவெடுத்து, அதன்படி செய்து வந்த கண்ணாடி எந்த வீட்டுக்கும் பொருந்தாமல், அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் கிடங்கில் கிடக்கும். அதை அடிமாட்டு விலைக்கு வேலைக்காரர்களே எடுத்துக்கொள்வது வழக்கம். அவர் வீட்டு மற்ற ஜன்னல்களெல்லாம் அப்படி வந்தவைதான். இந்த ஜன்னலின் அளவுக்கு மட்டும் யாரும் தப்புச் செய்யவில்லை. ஒன்றரை வருடம் காத்திருந்தார்.

"கூடிக்கிட்டே போகுதுங்க" என்பார் மனைவி. "ஒட்டு போனா கூடத்தான் செய்யும்" என்று சொல்லி, கையோடு விலையையும் ஒரு தடவை ஒப்பிப்பார். மெஷின் ஊசி ஒன்று மாற்றி ஒன்றாக உடைந்தது. கூடுதல் வெளிச்சத்துக்கென்று கண்ணாடிக்காரர் ஒரு பல்பு வாங்கி மாட்டினார்.

ஒருநாள், தையல் கோணலாக இருக்கிறதென்று ஒருத்தி பாவாடையைத் திருப்பிக் கொண்டுவந்து மூஞ்சியில் அடித்தாற்போல் வைத்துவிட்டுப் போனாள். மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். கண்ணாடிக்காரருக்குத் தாங்கவில்லை. மறுநாளே முழு விலை கொடுத்துப் புதுக் கண்ணாடி சொல்லிவிட்டார். வந்ததும் அரை நாள் விடுப்பு எடுத்து, மற்ற எந்த வீட்டுக்கும் செய்யாத நேர்த்தியோடு மாட்டினார்.

"இப்பப் பாரு! பாதிச் சம்பளம் சும்மாவா?"

மனைவி ஜன்னல் முன் வந்து நின்றார். கண்ணாடியை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு, "பளிச்சுன்னு இருக்குங்க" என்றார்.

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தவர், விளையாட்டாக ஜன்னலுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார். இரண்டடி தூரம். மனைவி நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்து, "யாரு? துணி குடுக்க வந்தீங்களா? கதவு திறந்துதான் இருக்கு" என்றார். அன்றைக்கே அவரைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

கண் டாக்டர் பெண்மணி நல்லவர், திட்டவில்லை. "கண்ணுக்குள்ள அழுத்தம் ரொம்ப நாளா ஏறியிருக்கு. நரம்பு பாதி கெட்டுப்போச்சு. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது திரும்ப வராது. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டதாச் சொன்னீங்களே, அன்னைக்கே வந்திருந்தாக்கூட இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் உடைந்துவிட்டார். "ஏம்மா... அன்னைக்கு எதுக்குப் பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னே?"

"அவ்வளவு பணம் போட்டு மாட்டிட்டு நிக்கிறீங்க. அப்பவும் அப்படியேதான் இருக்குன்னு எந்த வாயால சொல்றது?" என்று அவர் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்க, இந்த மருந்துக்கு எவ்வளவு ஆகுமாம்? ரொம்பன்னா வேண்டாங்க" என்றார்.