ரோஸ்விதா ஒட்டிய சிவப்பு அட்டை

ஜெர்மனியில் காசல் நகரத்து அந்த மாடி வீட்டில் குப்பை பிரிப்பதில் ரோஸ்விதாவை அடிக்க ஆளில்லை. தயிர்க் கோப்பையின் அலுமினிய மூடியைத் தனியே கிழித்துத்தான் பிளாஸ்டிக், தகரத்துக்கான மஞ்சள் தொட்டியில் போடுவாள். கணவன் அவளை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய காலி ஒயின் பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு நொறுக்கக் கை துறுதுறுத்தது. அந்த ஊர்ச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு திங்கள்வரை காத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்டவள் வாசலில், போன வாரம், காய்கறிக் கழிவுக்கான பழுப்புத் தொட்டியில் குப்பை லாரிக்காரர்கள் சிவப்பு அட்டையை ஒட்டிவிட்டார்கள். உள்ளே ஆகாத பை கிடந்ததாம். மறுபடி கண்டால் தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ரோஸ்விதாவுக்கு மானமே போயிற்று. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பஸ் டிரைவர் ஹோல்கர்தான் என்று முடிவுகட்டி, அட்டையைப் பிய்த்து அவன் கதவில் ஒட்டினாள்.

"நான் இல்லம்மா."

"எந்தத் திருடன் தம்பி ஒத்துக்கிட்டான்?"

"சரி, ஒட்டினது நீங்க. எடுக்கிறதும் நீங்களே எடுங்க."

இன்று காலை லாரி வந்தது. ரோஸ்விதா பெருமையாகத் தொட்டியைத் திறந்து காட்டினாள். லாரிக்காரர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அதே பச்சைப் பைதாம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் பை அவளுடையது. "மக்கும்னு அதுலயே போட்டிருக்கே?"

"மக்கும். ஆனா எங்க உர ஆலையில அவ்வளவு நாள் வச்சிருக்க மாட்டோம். மூடியில படமே இருக்கு பாருங்க. தொட்டிய ஏத்திக் கொண்டுபோயிடட்டுமா?"

"ஒரு நிமிஷம் நில்லுங்கய்யா."

சட்டைக்கையைச் சுருட்டினாள். தலைகீழாகத் தொட்டிக்குள் பாய்ந்தாள். சத்தம் கேட்டு ஹோல்கர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான். அவள் எடுத்துக் கொடுக்க அவன் கிழிக்க, உருளைத்தோலும் காப்பிச்சக்கையும் மட்டும் உள்ளே விழுந்தன. லாரிக்குப் பின்னால் கார்கள் நின்று ஹாரன் அடித்தன. கிழிந்த பைகளோடு ரோஸ்விதா திகைத்து நின்றாள்.

"இதெல்லாம் எதுல போடறது?"

"மிச்சக் குப்பை போடற கறுப்புத் தொட்டியிலம்மா. சீக்கிரம்," என்றான் ஹோல்கர்.

பழுப்புத் தொட்டி மேலே போனது, கவிழ்ந்தது, காலியாக இறங்கியது. இருவரும் சின்னப் பிள்ளைகளைப்போல் குதித்தார்கள்.

ரோஸ்விதா நேரே மாடியேறினாள்; ஹோல்கரும் பின்னாலேயே போனான். ஹோல்கரின் கதவிலிருந்து அட்டையை உரித்தாள்.

"விடுங்கம்மா, குப்பையில போட்டுடலாம்."

"அது எப்படி? உன் கதவுல ஒரு வாரம் இருந்துச்சுல்ல," என்று சொல்லிக் கீழே போய், தன் கதவில், வருகிற போகிறவர்கள் கண்ணில் படும்படி ஒட்டினாள்.