எந்த வீட்டுப் பிள்ளையின் மச்சை

மொன்ட்ரியாலில் எங்கள் கோயில் பங்கில் ஒரு சாவு விழுந்தால் முதலில் சுவாமியாருக்குச் சொல்லுவார்கள், அடுத்தது எனக்கு. சில வீடுகளில் எனக்குத்தான் முதல். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இந்த நகரத்தின் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியே வயதுபோனவன். பிரெஞ்சில் தெரிந்தது வணக்கத்துக்குப் பொன்ஜூரும் நன்றிக்கு மெர்சியும். இரண்டையும் இடம் மாற்றித்தான் சொல்லுவேன். ஆனால் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் மூன்று தலைமுறைக்கு நித்திரையிலும் சொல்லுவேன். கலியாணமோ செத்தவீடோ, ஆட்களுக்கு அறிவிக்கிற வேலை செபஸ்தியாம்பிள்ளையாகிய எனக்கு. சம்பளமில்லாத உத்தியோகம் என்றாலும் மந்திரி வேலை மாதிரித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்துவந்தேன்.

என் கடைசித் தங்கை மாக்கிரட்டின் மகள் லக்சனா, கார்டெரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் குஞ்சு குருமன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றி அடக்கிவிட்டார்கள். ஆனால் பொருத்தமான ஒருவரின் எலும்பு மச்சையை எடுத்து இவளுக்கு ஏற்றாவிட்டால் நோய் திரும்பி வரும், வந்தால் பிறகு அடக்கமுடியாது என்று வைத்தியர் சொன்னார். கூடப்பிறந்த ஜெனாட்டினுடையது பொருந்தவில்லை. கொடுக்கிறோம் என்று பதிந்து வைத்திருக்கிறவர்களிலும் பொருந்தியவர் இல்லை. ஒரே இனத்தவருடையதுதான் பொருந்த வாய்ப்புக் கூடவாம், பதிந்தவர்களிலோ தமிழர் குறைவாம்.

"அழாதை பிள்ளை," என்றேன் மாக்கிரட்டிடம். "ரொக்ஸ்பரோவிலை இருந்து மொன்ட்ரியால்-நோர் வரைக்கும் எங்கடை சொந்தம் கிடக்கு. அண்ணை ஒரு சத்தம் போட்டால் கோயில் மண்டபம் நிறையும்."

அது நிறைந்தது. அதுதான் பிழை.

பதிவு செய்ய வருகிறவர்களுக்கு உஷா என்கிற தாதி பொறுப்பு. தமிழ்நாட்டுப் பெண். தொலைபேசியில் எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். "பதினெட்டுல இருந்து முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும் சார். கன்னத்துக்குள்ள ஒரு பஞ்சுக் குச்சிய வச்சுத் தேய்ப்போம், அவ்வளவுதான். சொந்தக்காரங்களாதான் இருக்கணும்னு இல்ல. யாருன்னே தெரியாத ஒருத்தருது பொருந்தலாம்."

பாவம் இந்தியாப் பிள்ளை, எங்கள் சொந்தத்தின் கனம் தெரியாமல் கதைக்குது என்று நினைத்துக்கொண்டு, "ஓம் ஓம்" என்றேன்.

லக்சனா ஆசுப்பத்திரியில் இருந்தபடி, "மாமா, இன்ஸ்டாகிராமிலை போடுவம், பெடியள் பாப்பாங்கள்," என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. பழங்கார் விக்கிறதெண்டால் அதிலை போடலாம். ஆக்களைக் கூப்பிட ஒரு முறை இருக்கு."

முறை என்னவென்றால், வீட்டுக்கு மூத்தவரைத்தான் கூப்பிடவேண்டும். மூத்தவர் இருக்க இளசுகளுக்கு நேரே போன் எடுத்தால் அந்த வீட்டோடு அடுத்த பெருநாள் வரைக்கும் கதைபேச்சு இராது. ஆகவே ஒவ்வொரு வீட்டு மூத்தவருக்கும் எடுத்து, சுகம் விசாரித்து, மூட்டுவலி கேட்டு, எந்த வழியில் லக்சனா அவருக்குச் சொந்தம் என்று விளக்கினேன். கடைசியில் போனை வைக்கப் போகிற நேரத்தில்தான், "பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். கலியாணத்துக்கும் அப்படித்தானே சொல்லுவது? கலியாணத்துக்கு அப்படிச் சொன்னால் பிள்ளைகள் வருவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் சொன்ன வாய் அதையேதான் சொன்னது.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனால் எள்ளுப் போட இடமில்லை. கூறைச் சேலை மாதிரிச் சேலைகள், கோட்டு, தடி, நடைவண்டி. நான் வாசலில் நின்று கைகுலுக்கினேன். உஷா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், டோனருங்க எப்ப வருவாங்க?"

"வந்திட்டினமே பிள்ளை! இஞ்சை எல்லாரும் அவை தான்."

அவர் மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். "இதுல யாருக்குமே அறுபதுக்குக் குறைவா இருக்கிற மாதிரி தெரியலையே சார்."

அதற்குள் என் மனைவியின் பெரியம்மா மகள் றோசா அக்கா முதல் ஆளாகக் கதிரையில் இருந்து வாயைத் திறந்துவிட்டா. "பிள்ளை, பல்லுக் கட்டினது. கழட்டிப்போட்டுத் தேய்க்கிறியளோ, அப்பிடியே தேய்க்கிறியளோ?"

"அம்மா, உங்களுக்கு வயசு..."

"வயசென்ன வயசு? எனக்குச் சீனி வருத்தம் கூட இல்லை. செபஸ்தி, சொல்லன் இவவுக்கு!"

என் மச்சான் ஜெராட் பின்னாலிருந்து சத்தம் வைத்தான். "எட மச்சான், நீ முதியோர் சங்கத்துக்கெல்லோ ஆள் சேர்த்திருக்கிறாய்! சவப்பெட்டிக்காரனையும் கூப்பிட்டிருந்தால் அவனுக்கும் யாவாரம் நடந்திருக்கும்." மண்டபமே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மாக்கிரட் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதற்குள் லக்சனா, தலையில் துணித் தொப்பி. "மாமா, ஆக்களைக் காட்டுங்கோ."

போனைச் சுற்றிக் காட்டினேன். முதலில் அவள் சிரித்தாள். "ஐயோ மாமா, எல்லாரும் பென்சன்காரர்!" பிறகு சிரிப்பு நின்றது. "ஒருத்தரும் வரேல்லையோ?" என்றாள், சின்னக் குரலில்.

மாக்கிரட் என்னைப் பார்க்காமல் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்டபத்தின் கோடியில் சாப்பாட்டு மேசை இருந்தது. ஆட்டிறைச்சி ரோல்ஸ், கடலை வடை, கேக். பூசைக்கு வெறும் வயிற்றோடு வந்த சனம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மேசைக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் கேளுங்கோ. எந்த வீட்டிலை இருந்து ஒரு இளம்பிள்ளை வந்து கன்னத்தைக் காட்டுதோ, அந்த வீட்டுக்குத்தான் ரோல்."

"உனக்கென்ன மூளை கழண்டிட்டுதோ?" இது ஜெராட்.

"உன்ரை மகன் வினோஜன் எங்கை?"

"படுத்திருப்பான்."

"அப்ப நீயும் பட்டினி."

நல்லவேளை, றோசா அக்காதான் முதலில் பேரனுக்குப் போன் எடுத்தா. "தம்பி, உடனை கோயிலுக்கு வா. ஏனோ? கொம்மம்மாவைச் சாப்பிட விடாமல் மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்!" பிறகு பார்க்கவேண்டுமே. மண்டபம் முழுக்கப் போன். ஒருவர் மயங்கி விழுந்ததாகச் சொன்னார். ஒருவர் சொத்துப் பிரிக்கப்போவதாகச் சொன்னார். நான் கற்பித்ததல்ல, அவரவர் வீட்டுக்கு எது எடுபடும் என்பது அவரவருக்குத்தானே தெரியும். சீனி வருத்தக்காரருக்கு மட்டும் இரங்கி ஆளுக்கு அரை ரோல் கொடுத்தேன். அன்றைக்குப் பலருக்கும் திடீரென்று சீனி வருத்தம் வந்தது.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். செருப்போடும் கலைந்த தலையோடும், தகப்பனுக்கு என்னவோ என்று பதைத்து ஓடிவந்தவர்கள். கோபிக்கத்தான் வந்தார்கள். உஷா லக்சனாவின் படத்தைக் காட்டி விசயத்தைச் சொன்னதும், "இதை எங்களுக்கு ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டார்கள். மறுமொழி சொல்லவேண்டியவன் ரோல் தட்டைத் தூக்கி அவர்களிடம் நீட்டினேன். பிறகு அவர்களே தங்கள் போனில் சினேகிதர்களுக்குப் போட்டார்கள். எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான். எனக்கு முன்பின் தெரியாத முகங்களெல்லாம் வந்தன.

வினோஜன் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோடு வந்தான். சீனி வருத்தமென்று சொல்லி வாங்கிய அரை ரோல் ஜெராட்டுக்குத் தொண்டையில் நின்றது. அந்தப் பிள்ளை எல்லாருக்கும் பொன்ஜூர் சொல்லி, தானும் கன்னத்தைக் காட்டியது. "ஆர் வீட்டுப் பிள்ளை?" என்று வழக்கம்போலக் கேட்க வாயெடுத்துவிட்டு, மெர்சி என்று சொன்னேன். முதல் தடவையாகச் சரியான இடத்தில்.

மாரிக் குளிர் தொடங்க ஆசுப்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. பொருந்திய ஒருவர் இருக்கிறார். மாக்கிரட் என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதுவிட்டு, கண்ணைத் துடைக்கமுன்னமே உஷாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆர் பிள்ளை அது?"

"சொல்ல மாட்டாங்க சார். எங்களுக்கே தெரியாது. ஆம்பளை, இருபதுகள்ல வயசு. அவ்வளவுதான் சொல்லியிருக்காங்க."

"எங்கடை மண்டபத்துக்கு வந்ததுகளிலை ஒண்டோ?"

"இருக்கலாம். வேற நாடாவும் இருக்கலாம்."

"தேப்பன்ரை பேர் வேண்டாம். ஊர்? ஊர் மட்டும்?"

"சார்!"

மச்சை ஏற்றியாயிற்று. லக்சனா இப்போது வீட்டில் இருக்கிறாள். தலைமயிர் கோழிக்குஞ்சு மாதிரி முளைத்திருக்கிறது. முழுக்கச் சுகம் என்று வைத்தியர் இன்னும் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பகிடி பண்ணுகிற அளவுக்குச் சுகம். எல்லாருடைய பூர்வீகமும் தெரிந்த எனக்கு, அவளுடைய உடம்புக்குள் இரத்தம் ஊறவைக்கிறவன் யாரென்று தெரியாது. மருமகளுக்கு இரத்தம் கொடுத்தவனை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? மகன் என்றா, மருமகன் என்றா?

போன கிழமை அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு மெத்ரோவில் போனேன். ஒரு பெடியன் ஏறினான். மண்ணிறத்தவன், இருபத்தைந்து வயது இருக்கும். மூக்கைப் பார்த்தால் ஊரில் குருநகர்ப் பக்கம் மாதிரியும் இருந்தது, வங்காளம் மாதிரியும் இருந்தது. என்னை அறியாமலே எழும்பி, "இருங்கோ தம்பி," என்று என் இருக்கையைக் காட்டினேன். அவன் பயந்துபோய் என் முழங்கையைப் பிடித்து என்னையே திரும்ப இருத்தினான்.

"மாமா," என்றாள் லக்சனா, முகமூடிக்குள்ளால், "இண்டைக்கு இது மூண்டாவது ஆள். சும்மா இருங்கோ."

சும்மாதான் இருந்தேன். அடுத்த தரிப்பிடத்தில் இன்னொருவன் ஏறினான்.